சியெம் ரீப்புக்குக் கிளம்புமுன்

உட்காரும்மா, இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன், டீ கொதித்து இறங்கக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் உன் கேள்விக்கு வருகிறேன். கம்போடியாவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் பாடம் சொல்லித் தரப் போகிறாய், என்னென்ன எடுத்து வைக்கலாம் என்று கேட்டாய். வண்ணப் பென்சில், பலூன், ஸ்டிக்கர் என்று பட்டியல்கூடப் போட்டிருக்கிறாய். அதைப் பிறகு பார்ப்போம். நீ போகிற இடம் பள்ளிக்கூடமா, விடுதியா? அதை முதலில் சொல். அனாதை இல்லம் என்றால் போகாதே.

மாமா இப்படி எடுத்த எடுப்பிலேயே தடுக்கிறாரே என்று நினைக்காதே. காரணம் இருக்கிறது. 1975 முதல் 1979 வரை அந்த நாட்டை க்மேர் ரூஜ் என்ற இயக்கம் ஆண்டது. பதினைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வாத்தியார், டாக்டர் என்று படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் அனாதைகள் இருந்தார்கள், இல்லங்களும் தேவைப்பட்டன. ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். இல்லங்கள் குறைந்திருக்க வேண்டும் இல்லையா? கூடின. 2005-க்கும் 2010-க்கும் இடையில் மட்டும் 75 சதவீதம் கூடின. அதே காலத்தில் அங்கோர் வாட் கோயிலைப் பார்க்க வரும் கூட்டமும் கூடியது. இல்லங்கள் பெருகியதும் தலைநகர் ப்னோம் பென், கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற சியெம் ரீப் என்று சுற்றுலாக்காரர்கள் நடமாடுகிற இடங்களில்தான்.

அங்கே இருந்த பிள்ளைகள் யார் என்று அரசும் யுனிசெஃபும் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருப்பது தெரிந்தது. கிராமத்தில் யாரோ வந்து, 'பிள்ளையை எங்களிடம் விடுங்கள், மூன்று வேளை சாப்பாடு, இங்கிலீஷ் படிப்பு' என்கிறார்கள். கடனில் இருக்கிற தாய்க்கு அது நல்ல வாய்ப்பாகத்தான் தெரியும். பிள்ளை வந்தால் பார்வையாளர் வருவார். அவர் கண்கலங்கினால் நன்கொடை வரும். உன்னைப் போல ஒருவர் வந்து தங்கினால் அதற்கும் கட்டணம் உண்டு. இல்லம் நடக்கப் பிள்ளை தேவை என்று கணக்கு தலைகீழாகிவிடுகிறது. எல்லா இல்லமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மனசாட்சியோடு நடத்துகிறவர்களும் உண்டு. எது எப்படிப்பட்டது என்பதை ஒரு மாதத்துக்கு வந்துபோகிற உன்னால் பிரித்தறிய முடியாது, அவ்வளவுதான்.

இது என் சொந்தக் கருத்து என்று நினைத்துக்கொள்ளாதே. வறுமை ஒன்றையே காரணமாகக் காட்டிப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ப்னோம் பென்னில் 1994-இல் தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு, பிள்ளைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல என்று 2011-இல் ஒரு பிரச்சாரமே நடத்தியது. பிள்ளைகளை இப்படி இல்லங்களுக்குக் கடத்துவதை 2018-இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறையோடு சேர்த்து அங்கீகரித்தது.

இன்னொன்று. இது நல்ல இல்லத்துக்கும் பொருந்தும். நீ வாசலில் நுழைந்த ஐந்தாவது நிமிடம் ஒரு நான்கு வயதுக் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும், மடியில் ஏறும், கையை விடாது. திரும்பி வருகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் நெகிழ்ந்து சொல்வார்கள். யோசித்துப் பார், நம் வீட்டுக் குழந்தை முன்பின் தெரியாத ஆளிடம் அப்படி ஓடுமா? அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். யாரைக் கண்டாலும் ஒட்டிக்கொள்வது பாசமல்ல, பற்றிக்கொள்ள ஒரே ஆள் நிலையாக இல்லாததன் அடையாளம். ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டில் 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டு, மற்றவர்களோடு ஒப்பிட்டு, பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்னால் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது நாளைக்கும் அதே முகம். நீ எவ்வளவு அன்பாக இருந்தாலும் ஒரு மாதத்தில் விமானம் ஏறிவிடுவாய். அடுத்த மாதம் வேறொருத்தி வருவாள். குழந்தை எத்தனை தடவைதான் வழியனுப்பும்?

இந்தா டீ, சூடு பார்த்துக் குடி. சர்க்கரை குறைவாகத்தான் போட்டேன்.

அப்படியானால் போகவே வேண்டாமா? போகலாம். சாயங்காலம் பிள்ளைகள் தங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போகிற இடமாகப் பார்த்துப் போ. கம்போடியாவில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இரண்டு ஷிஃப்டாக நடக்கின்றன. ஒரு பிள்ளைக்குக் காலையில் பள்ளி, இன்னொன்றுக்கு மதியம். மீதி அரைநாள் சும்மா இருக்கும், அல்லது கடையில், வயலில், கோயில் வாசலில் தபால் அட்டை விற்றுக்கொண்டு இருக்கும். அந்த அரைநாளை நிரப்புகிற கிராமத்து வகுப்புகளும், அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாலர் வகுப்புகளும் இருக்கின்றன. நம்மூர் பால்வாடி மாதிரி என்று வைத்துக்கொள்.

அந்த இடம் சரியானதா என்று அறிய உன்னிடம் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனி. பணம் கட்டினால் போதும், நாளைக்கே வாருங்கள் என்றால் விலகிவிடு. பாஸ்போர்ட் அலுவலகம் தருகிற காவல்துறைச் சான்று, அதுதான் பி.சி.சி., அதைக் கேட்க வேண்டும். முன்பு வேலை பார்த்த இடத்தில் உன்னைப் பற்றி விசாரிக்க வேண்டும். குழந்தையோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது, வெளியே அழைத்துப் போகக் கூடாது, ஃபேஸ்புக்கில் தொடர்பு வைக்கக் கூடாது என்றெல்லாம் எழுதிய தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். 'என்னை இவ்வளவு சந்தேகப்படுகிறார்களே' என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். உன்னைச் சோதிக்காமல் உள்ளே விடுகிறவர்கள் உனக்கு முன்னால் வந்தவனையும் சோதித்திருக்க மாட்டார்கள். விசாவும் அப்படியே. கம்போடியா சுற்றுலா விசா, சாதாரண விசா என்று தனித்தனியாகத் தருகிறது. தொண்டு வேலைக்கு எது என்று பள்ளியே தெளிவாகச் சொல்ல வேண்டும். 'டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்' என்கிறவர்களிடம் மற்ற விஷயங்களும் அதே லட்சணத்தில்தான் இருக்கும்.

டாக்டரை ஆறு வாரம் முன்பே பார். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகளைப் பற்றிக் கேள். அங்கேயும் தெருநாய் உண்டு என்பதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் கேட்டுக்கொள். அது ஒரே ஊசியில் முடிகிற விஷயமில்லை. தட்டம்மை ஊசி சின்ன வயதில் போட்டாயா என்று அம்மாவிடம் விசாரி. அது உனக்காக மட்டுமல்ல, நீ அங்கே கொண்டுபோய்ப் பரப்பாமல் இருக்கவும்தான். மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை, டெங்கு அப்போதுதான் அதிகம்.

பாடத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் முதல் நாள் என்ன சொல்லித் தருகிறார்கள் தெரியுமா? உன் பெயர் என்ன, இது சிவப்பு, இது நீலம், தலை தோள் முட்டி கால் என்று ஒரு பாட்டு. அடுத்தவர் வந்து மறுபடி அதையே. வருடம் முழுக்கப் பிள்ளைகள் முதல் பாடத்திலேயே நிற்பார்கள், விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று தெரியாத மாதிரி பாடவும் செய்வார்கள். எனவே உள்ளூர் ஆசிரியை வகுப்பில் இல்லாத இடத்தில் வகுப்பு எடுக்காதே. அவர் எடுக்கட்டும், நீ கூட இரு. எழுத்துக்கூட்டத் திணறுகிற இரண்டு மூன்று பேரின் பக்கத்தில் உட்கார்ந்துகொள். வகுப்பு முடிந்ததும் அந்த ஆசிரியையோடு ஒரு மணிநேரம் இங்கிலீஷில் பேசு, உச்சரிப்பில் அவருக்கு இருக்கிற சந்தேகங்களைத் தீர்த்து வை. என்னைக் கேட்டால் நீ செய்யப்போகிற வேலைகளில் அந்த ஒரு மணிநேரம்தான் உருப்படியானது. நீ ஊர் திரும்பிய பிறகும் அங்கே இருக்கப் போகிறவர் அவர். எதுவரை நடந்தது, எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வா.

போகுமுன் கொஞ்சம் க்மேர் மொழியும் பழகு. எழுத்து நம் பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்ததுதான், ஆனால் அந்த உறவை நம்பிப் பலகையைப் படிக்கப் போனால் ஏமாந்து போவாய். எண்களைக் கற்றுக்கொள். முவோய், பீ, பய், புவோன், ப்ராம் என்று ஐந்து வரை. ஆறுக்குத் தனிச் சொல் கிடையாது. ப்ராம்-முவோய், அதாவது ஐந்தும் ஒன்றும். ஏழு, ஐந்தும் இரண்டும். ஒன்பது வரை இப்படியே போகும். அந்தப் பிள்ளை விரல்விட்டு எண்ணுகிற விதம் தெரியாமல் கூட்டல் சொல்லித் தரப் போனால் குழப்பத்தைத்தான் கூட்டுவாய். செல்லமாகத் தலையைத் தடவாதே, அங்கே தலை புனிதம். குழந்தைகள் முகம் தெரிகிற படம் எதையும் இன்ஸ்டாகிராமில் போடாதே. நம் தெருப் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர் நுழைந்து பிள்ளைகளைப் படம் எடுத்துப் போட்டால் நாம் சும்மா விடுவோமா?

இப்போது உன் பட்டியலைக் கொடு. ஸ்டிக்கர், பலூன், சாக்லேட் எல்லாவற்றையும் அடித்துவிடு. நீ உன் கையால் ஒரு பிள்ளைக்குக் கொடுக்கிற எதுவும் அதற்கு நல்லதல்ல. நாளைக்கு அது பள்ளியை விட்டு ரோட்டில் வருகிற எந்த வெளிநாட்டாரிடமும் கை நீட்டும். பென்சிலும் நோட்டும் சியெம் ரீப் சந்தையிலேயே கிடைக்கும், உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரமாகும். என்ன வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டு, அங்கேயே வாங்கி, பள்ளியிடம் கொடு. யார் தந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

டிக்கெட்? சித்திரை லீவில் போகலாம் என்று நினைத்திருப்பாய். வேண்டாம். அவர்களுக்கும் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் நம்மோடுதான் வருகிறது, பள்ளி பூட்டியிருக்கும். புரட்டாசி வாக்கில் ப்சும் பென் வரும், நம் மகாளய பட்சம் மாதிரி முன்னோருக்குச் சோறு படைக்கிற பதினைந்து நாள். அதன் கடைசி நாட்களில் ஊரே சொந்தக் கிராமத்துக்குக் கிளம்பிவிடும். வகுப்பு நடக்கிற மாதம் எது, ஆள் தேவைப்படுகிற மாதம் எது என்று ஆசிரியைக்கு எழுதிக் கேள். பதில் வந்த பிறகு ஆபீஸில் லீவு சொன்னால் போதும்.