துபாய் கார் சென்னைக்கு வருமா?

ஸ்டீரிங் இடது பக்கம். வரியோ தலைக்கு மேலே!

வெயிலிலும் தூசியிலும் வருஷக்கணக்கில் உழைத்து, தவணை கட்டி வாங்கிய கார். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்ததும், வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. "வீட்டுச் சாமானெல்லாம் கப்பல்ல போகுதே, காரையும் சேர்த்து ஏத்திட்டா என்ன மச்சான்?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிலும் பிரிட்ஜும் வேறு, கார் வேறு!

பயணியின் சாமான் அல்ல

1962-ம் வருஷத்துச் சுங்கச் சட்டத்தைப் புரட்டினால், ஆரம்பத்திலேயே, 2-வது பிரிவிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. பயணியின் 'பேக்கேஜ்' என்பதில் மோட்டார் வாகனம் சேராது. அதாவது, குடிபெயர்ந்து வருகிறவர்களின் வீட்டுச் சாமானுக்குக் கிடைக்கும் சலுகை காருக்குக் கிடையாது. கார் வந்தால் அது இறக்குமதிச் சரக்கு. முழு வரி கட்டித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

"நான் வாங்கி 1 மாசம்தான் ஆச்சு, புது வண்டி" என்று சொன்னாலும் எடுபடாது. வெளிநாட்டில் ஒரு தடவை விற்கப்பட்டு, ரிஜிஸ்டர் ஆகிவிட்டால், ஓடியது 100 கிலோமீட்டரே ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது பழைய கார்தான்.

நான்கு முடிச்சுகள்

பழைய காருக்கு அரசு போட்டிருக்கும் முடிச்சுகள் இவை:

தயாரித்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

ஸ்டீரிங் வலது பக்கம் இருக்க வேண்டும்.

வேகம் காட்டும் மீட்டர் கிலோமீட்டர் கணக்கில் இருக்க வேண்டும். முன்விளக்கும் சாலையின் இடப்புறம் ஓடும் நாட்டுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

கடைசியாக, வண்டி மும்பை துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது முடிச்சிலேயே வளைகுடா கார்கள் மாட்டிக்கொள்கின்றன. துபாய், சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன் எல்லா இடத்திலும் வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஸ்டீரிங் இடது பக்கம். ஆகவே எவ்வளவு புதிதாக இருந்தாலும், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், அந்தக் காருக்குக் கதவு திறக்காது.

சிங்கப்பூர், மலேசியா கார்களுக்கு ஸ்டீரிங் தொல்லை இல்லை. லண்டன் காருக்கும் ஸ்டீரிங் வலது பக்கம்தான். ஆனால் அங்கே வேகம் மைல் கணக்கு!

ஒரு வேடிக்கை பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் கார்கள் சென்னை துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக வெளிநாடு போகின்றன. ஆனால் வெளிநாட்டில் ஓடிய பழைய கார் ஒன்று இங்கே இறங்க வழியில்லை. மும்பையில் இறக்கி, அங்கிருந்து லாரியில் ஏற்றி வர வேண்டும். அந்தச் செலவு தனி!

வரிக் கணக்கு

சரி, எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது பணம்.

தெரிந்தவரிடம் மலிவாக வாங்கினேன் என்று ரசீதைக் காட்டினால் சுங்க இலாகா ஒப்புக்கொள்ளாது. கம்பெனி விற்ற புது விலையை எடுத்துக்கொண்டு, முதல் வருஷத்துக்கு 16 சதவீதம், இரண்டாம் வருஷத்துக்கு 12 சதவீதம் என்று தேய்மானம் கழிப்பார்கள். மிஞ்சுகிற தொகையோடு கப்பல் கூலியையும் இன்சூரன்ஸையும் கூட்டுவார்கள். அதுதான் மதிப்பு.

புதிதில் 20 லட்சம் விலையுள்ள கார், 2 வருஷம் ஓடியது என்றால் 28 சதவீதம் போக 14 லட்சத்து 40 ஆயிரம். கூலி, இன்சூரன்ஸ் 1 லட்சம் என்று வைத்தால் 15 லட்சத்து 40 ஆயிரம். சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தால் இந்த மதிப்பையே தாண்டிவிடும். ஆக, வரி மட்டுமே 15 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல்! பிறகு தகுதிச் சோதனை, ஆர்.டி.ஓ. ஆபீஸ், ஆயுள் வரி. அந்தப் பணத்துக்கு அண்ணா சாலை ஷோரூமிலேயே புது வண்டி எடுத்துவிடலாம்.

சச்சினுக்கும் இதே கதைதான்

வரி பெரிய மனிதர்களையும் விடவில்லை. 2002-ல் கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கு பெராரி கார் பரிசாகக் கிடைத்தது. கொடுத்தவர் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர். வரி மட்டும் 1 கோடி ரூபாய்க்கு மேல். அரசு விலக்கு கொடுக்க, "அவருக்கு மட்டும் எப்படி?" என்று எதிர்ப்பு கிளம்பி, டெல்லி ஐகோர்ட் வரை விவகாரம் போனது. கடைசியில் பியட் கம்பெனி வரியைக் கட்டியது.

சுற்றிப் பார்க்க மட்டும் என்றால்

'கார்னே' என்று ஒரு பத்திரம் உண்டு. ஈட்டுத் தொகை கட்டி அதை வாங்கினால், வரியில்லாமல் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிவிட்டு, 6 மாதத்துக்குள் திருப்பிக் கொண்டுபோய்விடலாம். இது சுற்றுலாக்காரர்களுக்கு. இங்கேயே வைத்துக்கொள்ள நினைத்தாலோ விற்க நினைத்தாலோ, வரியும் அபராதமும் வந்து விழும்.

கிளம்பும் முன்னே...

"எல்லாம் நான் பார்த்துக்கறேன் அண்ணே, அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்க" என்று போனில் சொல்கிறவரை நம்பிக் காரை ஏற்றிவிடக் கூடாது. விதிக்கு ஒவ்வாத வண்டியை சுங்க இலாகா பறிமுதல் செய்யலாம். அது துறைமுகத்தில் நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். பணம் போவது ஏஜெண்டுக்கு அல்ல, வண்டிக்காரருக்குத்தான். தம்புச்செட்டித் தெருவில் லைசென்ஸ் உள்ள கிளியரிங் ஏஜெண்டு ஒருவரிடம் ஊரிலுள்ள மைத்துனரோ மகனோ முதலில் கேட்டுவிட்டால், பாதித் தலைவலி தீர்ந்தது.

அதேபோல், காரை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுவதும் தவறு. 2009 பொருளாதாரச் சரிவின்போது, கடன் கட்ட முடியாதவர்கள் விட்டுப்போன கார்கள் துபாயில் தூசி படிந்து நின்றது உலகமெல்லாம் செய்தியானது. வண்டி நின்றாலும் கடன் நிற்பதில்லை. பேரில் வழக்கு இருந்தால், நாளை மறுபடி அங்கே வேலைக்குப் போகும் வாசலும் அடைபடும்.

பாங்கு கடனை அடைத்து, அபராதங்களைத் தீர்த்து, காரை அங்கேயே முறையாகப் பேர் மாற்றி விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு ஊர் வந்து சேருவதே லாபம். கார் போனால் வேறு கார் வாங்கலாம். வருஷக்கணக்கில் சேர்த்த பணம் துறைமுகத்தில் கரைந்தால் திரும்பி வராது!