சுண்டிக்குளத்துப் பூநாரைகள்

தேசிய வனம் என்றதும் நம்மவர் சிந்தனை வில்பத்துக்கும் யாலவுக்குமே ஓடிவிடுகிறது. யானையும் சிறுத்தையும் உலாவாத இடமும் ஒரு வனமோ என வினவுவாரும் உளர். ஆயின், நமது வாயிற்படியிலேயே வனமொன்று உண்டு. 1938ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்று, 2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக உயர்த்தப்பெற்ற சுண்டிக்குளமே அது.

தை மாதத்து ஞாயிறொன்றில் நண்பர் மூவரும் யானும் வாழையிலையிற் பொதிசெய்த சோற்றுடன் மானிப்பாயிலிருந்து வைகறையிற் புறப்பட்டோம். சாவகச்சேரி, பளை கடந்து, இயக்கச்சியிற் கண்டி வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினோம். பனங்கூடலும் பற்றைக்காடும் மாறிமாறி வந்தன. அவற்றைக் கடந்ததும், கண்டல் மரங்களுக்கு அப்பால், கடனீரேரி வெள்ளித்தகடு போல் விரிந்து கிடந்தது.

அதன் நடுவே வெண்மையும் செம்மையும் கலந்த நீண்ட கோடொன்று தெரிந்தது. தொலைநோக்குக் கண்ணாடியை உயர்த்தியபோதுதான் அவை பூநாரைகள் என்பது புலனாயிற்று. விலங்கியல் கற்பிக்கும் நண்பர் விளக்கினார்: “இப்பறவை தலையைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அலகினாற் சேற்றுநீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்ணும். சிறகின் செந்நிறமும் அவ்வுணவினால் வந்ததே. இலங்கையில் இது கூடு கட்டுவதில்லை, விருந்தாளியாகவே வருகிறது.” சங்குவளை நாரையும், கரண்டிவாயனும், ஊசிவால் வாத்தும் அருகே இரை தேடின.

கரையில் வலை உலர்த்திய முதியவர் ஒருவர் எம்மை நோக்கிச் சொன்னார்: “தம்பிமார், நீங்கள் நாரை பாக்க வாறியள்; நாங்கள் இறாலைப் பாக்கிறம். ரண்டுக்கும் இந்தத் தண்ணிதான்.”

அச்சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. இந்நீருக்கு மூன்றாவது உரிமையாளரும் உண்டு. மானிப்பாயை அடுத்தோடும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஓடும். குடாநாட்டிற் கிணறுகளே கதி. ஆதலின், 1954ஆம் ஆண்டில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னுந் திட்டத்தை முன்வைத்தார். சுண்டிக்குளத்துக் கடல்வாயை அடைத்து, கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி, நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொணர்வதே அதன் நோக்கம். கட்டிய அணை பின்னர் உடைப்பெடுத்தது; வாய்க்காலும் முற்றுப்பெறவில்லை.

நீர் நன்னீரானால் நம் கிணறுகள் வளம்பெறலாம். ஆயின், உவர்நீரிற் செழிக்கும் சிற்றுயிரும் இறாலும் குன்றலாம். பூநாரை வேறிடம் நாடலாம். வலைஞர் வீட்டு உலையும் தணியலாம். மறுபுறம், பூங்காவின் சட்டம் பறவையைக் காக்கையில், அக்கரையில் வாழ்வோரின் தொழிலையும் மறத்தலாகாது. ஒருவர் தாகத்தைத் தீர்க்க மற்றவரைத் துரத்தும் முடிவு நல்ல முடிவாகாது.

மாணவ நண்பர்களே, மார்கழி முதல் மாசி வரை ஒருநாள் ஆசிரியருடன் அங்கு செல்லுங்கள். 2009 வரை போர் நிகழ்ந்த நிலமாதலால் பாதையை விட்டு விலகாதீர்கள். கண்ட பறவைகளை இனம் பிரித்து எண்ணிக் குறித்து வாருங்கள். நாளை அந்நீரைப் பற்றித் தீர்மானிப்போர் கையில் அத்தகைய கணக்கொன்று இருத்தல் வேண்டும்.