புரோஸ்டேட் அறுவையும் இருதய நோயாளியும்

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சூழ்ந்து அமைந்திருக்கும் சிறு சுரப்பி புரோஸ்டேட் எனப்படும். ஐம்பது வயதைக் கடந்தபின் பலருக்கு இது பருத்து, சிறுநீரின் வழியை நெருக்குகிறது. இரவில் பன்முறை எழ நேர்வதும், சிறுநீர் முற்றிலும் தடைப்படுவதும் இதனாலேயே. இருதய நோய் மிகுவதும் இதே வயதில்தான். ஆகையால், அறுவைக்கு வரும் முதியவருட் பலர் இருதய நோயாளிகளாகவும் இருப்பதில் வியப்பில்லை.

வயிற்றைத் திறவாமல், சிறுநீர்க் குழாயின் வழியே கருவியைச் செலுத்தி, மின்சாரக் கம்பி வளையத்தால் சுரப்பியைச் சீவி எடுப்பது நெடுங்காலமாக வழங்கி வரும் முறையாகும். இரத்தம் கண்ணை மறைக்காதிருக்க, அவ்விடத்தை இடைவிடாது ஒரு திரவத்தால் கழுவுதல் வேண்டும். அறுபட்ட சிரைகளின் வாயிலாக இத்திரவத்தில் ஒரு பகுதி உடலினுள் புகுந்துவிடுகிறது. இருதயத்திற்கு இடர் விளைவது பெரும்பாலும் இங்கேதான்.

முற்காலத்தில் காய்ச்சி வடித்த நீரே பயன்பட்டது. அது சிவப்பணுக்களைச் சிதைப்பதை அமெரிக்க மருத்துவர் கிரீவி 1947-இல் எடுத்துக்காட்டினார். பின்னர் 1.5 சதவீத கிளைசின் கரைசல் வழக்கிற்கு வந்தது. இதனால் அணுக்கள் சிதைவதில்லை. ஆயினும் இதில் சோடியம் இல்லை. மிகுதியாகப் புகுந்தால், லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கவேண்டிய இரத்த சோடியம் தாழ்ந்துவிடும். மனக் குழப்பம், நாடித் தளர்ச்சி, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை தோன்றும். வலுவான இருதயம் கூடுதல் திரவத்தை ஓரளவு தாங்கும். நலிந்த இருதயமோ தாங்காது. திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். இக்காரணம்பற்றியே சீவும் நேரத்தை ஒரு மணிக்குள் முடிக்க மருத்துவர் முயல்வர்.

இன்று உப்புக் கரைசலிலேயே இயங்கும் இருமுனை மின்கருவியும், லேசர் முறையும் வந்துள்ளன. இவற்றால் சோடியம் குறையும் அபாயம் பெரிதும் நீங்கியது. எனினும், உட்புகும் திரவத்தின் பளு நீங்கவில்லை.

மற்றோர் இடர் மருந்தைப் பற்றியது. இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை அறுவையின்போது இரத்தப் போக்கை மிகுவிக்கும். அதனைத் திடீரென நிறுத்தினாலோ, இருதயக் குழாயில் பொருத்திய ஸ்டென்ட் அடைபட்டு மாரடைப்பு நேரலாம். ஆதலின், மருந்து கசியும் ஸ்டென்ட் பொருத்தியவர்க்கு அவசரமற்ற அறுவையை ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை தள்ளிவைப்பது வழக்கம். மாரடைப்பு கண்டவரும் 60 நாட்களேனும் பொறுத்தல் நன்று.

பெங்களூர் அடுகோடியில் வாழும் முதியவர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். அவர் இருதயத்திற்குப் பன்னேர்கட்டா சாலையிலுள்ள ஜயதேவா நிலையத்திற்கும், சிறுநீர்த் தடைக்கு அண்மையிலுள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைக்கும் செல்லக்கூடும். ஓரிடத்துச் சீட்டு மற்றோரிடத்திற்குத் தானாகச் செல்வதில்லை. அவரே எடுத்துச் சென்றாக வேண்டும். வெட்கத்தாலோ, அறுவை தள்ளிப்போகுமென்ற அச்சத்தாலோ இருதய நோயை மறைப்பவரும், தாமாகவே மாத்திரையை நிறுத்துபவரும் உண்டு.

களப் பணியாளரும் ஆசிரியரும் உதவக்கூடிய இடம் இதுவே. எல்லாச் சீட்டுகளையும் மருந்துகளையும் அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் காட்டும்படியும், அவர்கள் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதிருக்கும்படியும் முதியோருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். வீடு திரும்பியபின் மார்வலி, மூச்சுத் திணறல், மனக் குழப்பம் ஆகியவற்றுள் எது கண்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் உயிர் காக்கும்.