அருவிக்கு மேலே, அருவிக்குக் கீழே

தென்காசி, குற்றாலம் பக்கம் ஒரு வயலை மனையாக்கும் பேச்சு எழுந்தால் உடனே ஒரு கேள்வியும் எழும்: "இப்படியே பிளாட் போட்டுக்கிட்டே போனா ஐந்தருவியில தண்ணி விழுமா?" கவலை நியாயமானது. ஆனால் ஐந்தருவியின் தண்ணீர் அந்த வயலிலிருந்து வருவதில்லை. அந்த வயலை நோக்கித்தான் போகிறது.

வரும் வழி மிக நீளமானது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிவந்து, பெரும்பகுதியைக் கேரளச் சரிவிலேயே கொட்டிவிடும். மலைக்குக் கிழக்கே இருக்கும் பல ஊர்களுக்கு மிஞ்சுவது வறண்ட காற்றுதான். தென்காசிக்கோ ஆரியங்காவுக் கணவாய் என்ற வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசல் ஏன் அங்கே இருக்கிறது? அதை ஒட்டிச் செல்கிறது அச்சன்கோவில் பிளவுப் பட்டை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் நசுங்கிய பாறை அது. அதன் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடும் ஆய்வாளர்களும் உண்டு. நசுங்கிய பாறை சீக்கிரம் அரிபடும். அரிபட்ட இடம் தாழும். தாழ்ந்த இடத்தில் காற்று நுழையும். ஜூன், ஜூலையில் நம் முகத்தில் தெறிக்கும் சாரலுக்குப் பின்னால் இத்தனை பழைய மோதல் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

மலை மேல் விழுந்த மழையைக் காடும் மக்கிய இலைப்படுகையும் பிடித்துவைத்து, பாறை வெடிப்புகள் வழியே மெல்லக் கசியவிடுகின்றன. மழை ஓய்ந்த பின்னும் ஓடை ஓடுவது அதனால்தான். அந்த நீர் பழத்தோட்ட அருவியைக் கடந்து இறங்கி, ஐந்தாகப் பிரிந்து விழுகிறது. ஆகவே மழை குறையாமலே அருவி மெலிய வேண்டுமானால் அதற்கு மேலே யாராவது கைவைக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளில் தனியார் சொகுசு விடுதிகள் இயற்கை ஓட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி அமைப்பதாக வழக்கு வந்தபோது, 2022இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அத்தகைய விடுதிகளைக் கண்டறியக் குழு அமைக்க உத்தரவிட்டது. மேலே நடப்பதைப் பற்றிய சண்டை அது.

கீழே நடப்பது வேறு. விழுந்த நீர் சிற்றாற்றின் வழியாகவும் வாய்க்கால்கள் வழியாகவும் குளங்களுக்குப் போய், மிச்சம் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. இந்த வழியில் ஒரு நஞ்சை வயல் செய்யும் வேலையைக் கணக்குப் பார்க்கலாம். ஒரு ஏக்கரில் 100 மி.மீ. மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு சாண் வரப்பு உள்ள வெறும் வயல் அதை அப்படியே தேக்கிக்கொள்ளும். தார்ச் சாலையும் கான்கிரீட் கூரையும் 80 முதல் 95 சதவீதத்தை உடனே வழியவிட்டுவிடும். பத்து ஏக்கரில் வீடும் சாலையும் நெருங்கிவிட்டால், வரப்புக்குள் நின்றிருக்க வேண்டிய பல லட்சம் லிட்டர் சில மணி நேரத்தில் பக்கத்து வயலுக்கோ தெருவுக்கோ போய்ச் சேரும். அதோடு இங்கே அடியில் இருப்பது கடும்பாறை. நிலத்தடி நீர் மேலே சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். புதுவீட்டுக்காரர் போடும் போர்வெல்லுக்கு ஊற வேண்டிய தண்ணீரும் இதுதான்.

வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். மேட்டுப் புஞ்சையில் கட்டலாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி விவசாய நிலத்தை மாற்ற அனுமதி தேவை. அனுமதி பெறாத மனைகளின் பத்திரப்பதிவை உயர்நீதிமன்றம் 2016இல் தடுத்ததும், 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் ஊரறிந்தவை. ஆனால் பேச்சு எப்போதும் "அப்ரூவல் இருக்கா?" என்பதிலேயே முடிகிறது. மிஞ்சிப்போனால் நிலம் நஞ்சையா புஞ்சையா என்று பார்க்கிறோம். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரிய மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. விலைபோகாத ஏதோ ஒரு மூலையை விடுவதற்குப் பதிலாக, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்தை ஒதுக்கினால் அது ஒரு சின்னக் குளமாகவே வேலை செய்யும்.

இன்னொன்று, மனை பார்க்க வருகிறவர்கள் சாரல் காலத்தில் வருகிறார்கள். பெருவெள்ளம் வருவது வடகிழக்குப் பருவமழையில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்த மாதிரி நாளில் சர்வே எண் பார்த்துத் தண்ணீர் ஓடாது. நில விவரம் சொல்லும் அ-பதிவேடும், சர்வே எண்ணின் வரைபடமான புலப்படமும் அரசின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. மனை வாங்குகிறவரும், வயலை மனையாக்க ஆட்சேபணை எழுதுகிறவரும் அந்தப் புலப்படத்தில் வாய்க்கால் கோடு எந்த உட்பிரிவு வழியே போகிறது என்று பார்த்துவிட்டு, அதே வாய்க்கால் இன்றைக்குத் தரையில் இருக்கிறதா என்று ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.