அரைகுறைப் பணியும் கருப்புப் பட்டியலும்: ஒப்பந்ததாரர் மீது யார், எப்போது, எப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும்?

முடிச்சூர்ப் பகுதியிலிருந்து எங்களைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய வாரங்களில்தான் வருகிறார்கள். தெருவை வெட்டிப் போட்டு, மழைநீர்க் கால்வாயைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். கம்பிகள் துருவேறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிய பாதியிலும் விரலால் சுரண்டினால் சிமெண்ட் மாவாக உதிரும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் நின்றதைப் பார்த்த மக்களுக்கு, முடியாத கால்வாய் என்பது வெறும் நிர்வாகத் தாமதமன்று. தாழ்வான பகுதியில்தான் பெரும்பாலும் எங்கள் மக்களின் குடியிருப்பு இருக்கிறது. மேட்டிலிருந்து வடியும் நீர் முதலில் அங்கேதான் வந்து நிற்கிறது. வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: அந்த ஒப்பந்ததாரரின் உரிமத்தை ரத்து செய்ய முடியாதா?

முடியும். ஆனால் 'உரிமம்' என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மின்பணி ஒப்பந்ததாரருக்கு மின் உரிம வாரியம் உரிமம் வழங்குகிறது. சாலை, கால்வாய், கட்டடம் கட்டுகிறவருக்கு அப்படி ஒரே உரிமம் கிடையாது. அவர் பொதுப்பணித் துறையிலோ, உள்ளாட்சி அமைப்பிலோ, வாரியத்திலோ தனித்தனியாகத் தம்மைப் பதிவு செய்துகொள்கிறார். எவ்வளவு தொகை வரையிலான பணியை எடுக்கலாம் என்பதை அவருடைய பதிவு வகுப்பு தீர்மானிக்கிறது. ஆகவே ஓர் அலுவலகத்தில் பதிவு நீக்கப்பட்டவர் அடுத்த அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளி போட வாய்ப்பிருக்கிறது. மைத்துனர் பெயரில் புதிய நிறுவனம் தொடங்குவது இத்தொழிலில் யாருக்கும் புதிய செய்தியன்று.

சென்னையில் இது பற்றிப் பேசும்போது புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பைத் தவிர்க்க இயலாது. பழைய குடியிருப்பை இடித்துவிட்டு, குடிசை மாற்று வாரியம் (இன்றைய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்) அங்கே அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. ஆண்டுக்கணக்கில் தற்காலிகக் கொட்டகைகளிலும் வாடகை வீடுகளிலும் காத்திருந்த குடும்பங்கள் 2021இல் குடியேறின. அந்த ஆகஸ்ட் மாதம், சுவரைக் கையால் தொட்டாலே பூச்சு உதிரும் காட்சிகளைக் குடியிருப்பாளர்களே படம்பிடித்து வெளியிட்டார்கள். எழும்பூர் சட்டமன்ற உறுப்பினர் பரந்தாமன் பிரச்சினையை அவையில் எழுப்பினார். தவறு உறுதியானால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று துறை அமைச்சர் தா.மோ.அன்பரசன் உறுதியளித்தார். சென்னை ஐ.ஐ.டி.யின் வல்லுநர் குழுவிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. பூச்சு வேலை தரமற்றது என்பது ஆய்வில் வெளிப்பட்டது. வாரியப் பொறியாளர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர்.

அந்த நிகழ்வில் நாங்கள் கவனிக்க விரும்புவது வரிசையை. முதலில் மக்கள் சுவரைத் தொட்டார்கள்; பிறகுதான் அரசு அந்தச் சுவரைத் தொட்டது. கட்டும் காலத்தில் அதே சுவரை அளந்து, சோதித்து, பட்டியலுக்குக் கையெழுத்திட்டு, பணம் விடுவித்த அலுவலர்கள் இருந்தார்கள். அரசுப் பணி எதிலும் 'எம்.புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் பதிவு செய்யாமல் ஒரு ரூபாய்கூட ஒப்பந்ததாரருக்குப் போகாது. ஆகவே மோசமான பணி ஒவ்வொன்றின் பின்னாலும் நல்ல பணி என்று எழுதப்பட்ட ஒரு பக்கம் இருக்கிறது. ஒப்பந்ததாரரைத் தண்டிக்கக் கோரும் மனுவில் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கேட்காவிட்டால், புகாரை விசாரிப்பவரே அதில் கையெழுத்திட்டவராகவும் இருக்க நேரும்.

இனி சட்டத்துக்கு வருவோம். நடவடிக்கை இரண்டு தளங்களில் நிகழ்கிறது. முதலாவது, அந்த ஒரு பணியின் ஒப்பந்தத்துக்குள் நிற்பது: தாமதத்துக்கு அபராதம், பிணைத்தொகையைப் பறிமுதல் செய்தல், ஒப்பந்தத்தை முறித்து மீதி வேலையை வேறொருவரிடம் கொடுத்து அந்தக் கூடுதல் செலவை முதலாமவரிடம் வசூலித்தல், குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் இலவசமாகச் சரிசெய்ய வைத்தல். இரண்டாவது, ஒப்பந்ததாரரின் எதிர்காலத்தைத் தொடுவது: பதிவை இடைநிறுத்துதல், வகுப்பைக் குறைத்தல், நீக்குதல், கருப்புப் பட்டியலில் சேர்த்தல்.

இந்த இரண்டாவது தளத்தில்தான் அரசு ஆணைகள் நீதிமன்றங்களில் சரிகின்றன. 1974இல் எரூசியன் எக்யூப்மெண்ட் வழக்கில், கேட்காமல் யாரையும் கருப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது: ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பொதுவாகக் கேட்டால் போதாது, கருப்புப் பட்டியலில் சேர்க்க உத்தேசித்திருக்கிறோம் என்பது அறிவிப்பிலிருந்தே தெரிய வேண்டும். 2020இல் யு.எம்.சி. டெக்னாலஜீஸ் வழக்கிலும் இதுவே வலியுறுத்தப்பட்டது. 2024இல் புளூ ட்ரீம்ஸ் வழக்கில், சாதாரண ஒப்பந்தத் தகராறுக்கெல்லாம் இந்த ஆயுதத்தை எடுக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

இவை ஒப்பந்ததாரருக்குச் சாதகமான தீர்ப்புகள் என்று எங்கள் தோழர்களிலேயே சிலர் சலித்துக்கொள்கிறார்கள். எங்கள் பார்வை வேறு. கேட்கப்படாமல் தண்டிக்கப்படுவதன் வலியை அறிந்த சமூகம், கேட்கும் உரிமையை யாருக்கும் மறுக்கச் சொல்லாது. எங்கள் புகார் அலுவலகங்கள் மீதுதான். ஐம்பது ஆண்டுகளாகத் தெளிவாக இருக்கும் நடைமுறையைப் பின்பற்றாமல், ஊடகம் கொதிக்கும் நாளில் இரண்டு வரி ஆணை போடுகிறார்கள். அது நிற்காது என்பது ஆணையிடுபவருக்கும் தெரியாததன்று. கோட்டைவிடுவதற்கென்றே எழுதப்பட்டவையோ என்று ஐயுறத்தக்க அறிவிப்புகளை நாங்கள் படித்திருக்கிறோம்.

முறையாகச் செய்தால் ஆணை நிற்கும் என்பதற்கு ஒடிசா சான்று. 2017இல் புவனேசுவரத்தில் கட்டுமானத்தில் இருந்த மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து ஒருவர் இறந்தார். அரசு ஒப்பந்ததாரரை நிரந்தரமாகக் கருப்புப் பட்டியலில் சேர்த்தது. உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அரசின் முடிவை மீட்டெடுத்து, நிரந்தரம் என்பதை மட்டும் ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, ஆய்வறிக்கையின் மீது நின்று எடுத்த முடிவு அது.

தலித் மக்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு தீர்ப்பும் உண்டு. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில், கழிவுநீர்க் குழி மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்திய உச்ச நீதிமன்றம், ஒப்பந்ததாரர் வழியாக நடந்த பணியில் இறப்பு நேர்ந்தால் அந்த ஒப்பந்தத்தை உடனே ரத்து செய்து பணப்பொறுப்பையும் சுமத்த வேண்டும் என்று பணித்தது. தாம்பரத்தைச் சுற்றிய புறநகர்களில் வீடுகள் பெருகும் வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. கழிவுநீர்த் தொட்டிகளே ஏராளம். குழிக்குள் இறங்கியவரின் சாதி எது என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி ஒரு மரணம் நேர்ந்தால், இழப்பீட்டு மனுவோடு ஒப்பந்த ரத்துக்கான கோரிக்கையையும் அதே நாளில் கொடுக்க வேண்டும்.

மோசமான பணிக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வெறும் தரக்குறைவு அந்தச் சட்டத்தின் குற்றப் பட்டியலில் இல்லை. பொது அலுவலரின் கடமை தவறலைச் சொல்லும் 4ஆம் பிரிவும் அந்தச் சட்டத்தின் கீழான கடமைகளையே குறிக்கிறது. ஊர்த்தெருவில் கால்வாயை முடித்துவிட்டுச் சேரியின் எல்லையில் நிறுத்தினார்கள் என்றால், பாகுபாடு குறித்து அரசியலமைப்பின் 14, 15ஆம் கூறுகளின்படி உயர் நீதிமன்றத்தை அணுகுவதே நேர்வழி. பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கிய நிதியில் நடந்த பணியா என்பதையும் விசாரிக்க வேண்டும். தமிழ்நாடு 2024இல் அதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

மக்கள் கையில் உள்ள வலுவான கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 2ஆம் பிரிவின் 'ஜே' உட்பிரிவைப் (ஆங்கில மூலத்தின்படி) பலரும் பயன்படுத்துவதில்லை. ஆவணத்தின் நகலைப் பெறுவதோடு உரிமை முடிவதில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் அப்பிரிவு வழி செய்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், தரச்சோதனை அறிக்கை, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியில் சொன்ன தேதி மிக முக்கியம். அது கடந்துவிட்டால் பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்பட்டுவிடும். பிறகு ஒப்பந்ததாரரைப் பழுதுபார்க்க அழைக்க அலுவலகத்தின் கையில் பிடி இருக்காது.

முடிச்சூருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெருங்களத்தூரும் பீர்க்கன்காரணையும் அதில் சேர்ந்தன. முடிச்சூர் ஊராட்சியாகவே நின்றது. ஒரே தெருவின் சாலை ஓர் அலுவலகத்துடையது, கால்வாய் வேறொன்றுடையது, அது போய்ச் சேரும் ஓடை நீர்வளத் துறையுடையது என்ற நிலை இத்தகைய எல்லைப் பகுதிகளில் எளிதில் நேர்கிறது. மனுவைத் தவறான மேசையில் கொடுத்தால், சட்டப்படி அது ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றப்பட வேண்டும். நடப்பில் பருவமழை முந்திவிடும். பணி ஆணையில் கையெழுத்திட்டவர் யார் என்பதே முதலில் தெரிய வேண்டியது. ஊராட்சி எல்லைக்குள் நடந்த பணியென்றால் கிராம சபையிலும் அதை எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்ய வைக்கலாம்.

கால்வாய்க்காக எங்களிடம் வந்த குடும்பங்கள் அந்த ஆணையின் நகலைப் பெற்றுவிட்டன. பொறுப்புக் காலம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மாதிரி எடுக்கத் தேதி கேட்டுக் கொடுத்த மனுவுக்குப் பதில் வர வேண்டியிருக்கிறது.