நோர்வேயின் பிள்ளை நலச் சேவையும் குடியேறிய குடும்பங்களும்



நம் உறவினர் பலர் வாழும் நாடுகளுள் நோர்வேயும் ஒன்று. 1980களில் அங்கு சென்றவர்களுட் சிலர், வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதியில் மீன் பதனிடும் சாலைகளிலே உழைத்துக் குடும்பத்தை நிலைநிறுத்தினர். அத்தகைய வீடுகளில் 'பார்னவேர்ன்' என்னும் பெயரைத் தாழ்ந்த குரலிற் சொல்வோர் உண்டு. பிள்ளைப் பாதுகாப்பு என்பதே அதன் பொருள். பிள்ளையைப் பறித்துச் செல்லும் கந்தோர் என்றே பலர் அதனை விளங்கிக்கொண்டனர்.

இவ்வச்சம் முற்றிலும் வீணானதன்று. ஒரு பிள்ளையை வளர்ப்புப் பெற்றோருக்குத் தத்துக் கொடுத்தமை பற்றிய வழக்கில், நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியதென 2019இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் அச்சேவையின் அன்றாட வேலை வேறு. பாலர் பாடசாலையில் இடம் பெற்றுக் கொடுத்தல், பிள்ளை வளர்ப்பிற் பெற்றோருக்கு ஆலோசனை கூறுதல், களைத்த தாய்க்கு ஓய்வு கிடைக்கும்படி வாரஇறுதியிற் பிள்ளையை வேறொரு குடும்பத்துடன் தங்கவைத்தல் போன்ற உதவிகள் பெரும்பாலும் பெற்றோரின் சம்மதத்துடனேயே நடைபெறுகின்றன. பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதாயின் தனியானதொரு நியாயசபை விசாரித்தே தீர்மானிக்க வேண்டும். அவசரத்தில் உத்தியோகத்தர் எடுத்த முடிவும் அச்சபையின் பார்வைக்கு விரைவிற் செல்ல வேண்டும். விசாரணையிற் பெற்றோருக்கு அரச செலவில் வழக்கறிஞர் உண்டு.

அடித்து வளர்ப்பதை நம்மவர் சிலர் இன்னும் குற்றமாகக் கருதுவதில்லை. நோர்வேயிலோ 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வெளிப்படையாகவே தடைசெய்தது. இது தெரியாத தந்தையிடம் உத்தியோகத்தர் வருகிறார் என வைத்துக்கொள்வோம். தந்தைக்கு அந்நாட்டு மொழி போதாது. பன்னிரண்டு வயது மகனோ அதைச் சரளமாகப் பேசுவான். "அப்பா உன்னை அடித்தாரா?" என்ற கேள்வியை அவனே தந்தைக்கு மொழிபெயர்த்து, மறுமொழியையும் அவனே திருப்பிச் சொல்வதா? அவன் எதைச் சொல்வான், எதை விழுங்குவான்?

இக்கொடுமையைத் தவிர்க்கவே, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, அரச கந்தோர்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைப்பது கந்தோரின் கடமை, செலவும் அதனுடையதே.

சிற்றூரில் வாழும் தாய்க்கு இன்னுமொரு தயக்கம் உண்டு. மொழிபெயர்க்க வருபவர் கோயிலிலும் கொண்டாட்டத்திலும் காணும் முகமாக இருந்துவிட்டால் வீட்டுச் செய்தி ஊர்ச் செய்தியாகிவிடுமே! மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கட்டுண்டவர். அதுவும் மனத்தை ஆற்றாவிடின், தொலைபேசி வழியாக வேற்றூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தருமாறு அவள் முன்கூட்டியே கேட்கலாம்.