பஞ்சாயத்து ஆபீசோடு நின்றுவிட்ட இணையம்

நாம் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் பணத்தில் ஒரு பங்கு கிராமங்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதத்தை இதற்காக அரசிடம் கட்டுகின்றன. 2002-ல் தொடங்கிய இந்த நிதிக்கு, 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் சூட்டியது.

இப்படியொரு நிதி தேவைப்படுவது ஏன்? டவர் நிறுத்தும் செலவை நகரத்தில் பல்லாயிரம் பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மலையடிவாரக் கிராமத்தில் சில நூறு பேர்தான். லாபக் கணக்கு மட்டும் பார்த்தால் அந்த ஊருக்கு யாரும் வரமாட்டார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கணக்கின்படி, 2024-ல் நகரங்களில் 100 பேருக்கு 130-க்கும் மேற்பட்ட தொலைபேசி இணைப்புகள். கிராமங்களில் ஏறத்தாழ 59.

டவர் இருந்தாலும் போதாது. அந்த டவர் வரை ஃபைபர் கேபிள் போகவில்லையென்றால், ஊர் மொத்தத்தின் டேட்டாவும் குறுகலான ரேடியோ அலைவழியில் நெருக்கியடித்துப் போக வேண்டும். சிக்னல் முழுதாகக் காட்டும். மாலையில் பிள்ளைகளின் பாட வீடியோ ஓடாது.

இதற்குத்தான் அந்த நிதியிலிருந்து, 2011-ல் ஒப்புதல் பெற்று, பின்னர் 'பாரத்நெட்' ஆன திட்டம். இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் கேபிள் கொண்டுபோவது இலக்கு. தமிழ்நாட்டில் மட்டும் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல்; இங்கே கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகவே போகிறது.

கேபிள் வந்து சேரும் இடம் ஊராட்சி அலுவலக மூலையில் ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே கருவியும் பேட்டரியும். கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் இணைப்பு செத்துவிடும். சாலை வேலையில் எங்கோ ஒரு ஜேசிபி கேபிளை அறுத்தாலும் அப்படித்தான். ஆனாலும் கணக்கில் அந்த ஊர் 'இணைக்கப்பட்ட ஊராட்சி'. பெட்டியிலிருந்து வீடுகளுக்கு லைன் இழுப்பது யார் வேலை, பழுது பார்ப்பது யார் என்பதில்தான் இத்தனை ஆண்டுகள் வீணாயின. கேபிளின் நீளத்தை அளந்தார்கள், வீடுகளை எண்ணவில்லை. இதை நான் பெரிய தவறு என்றே சொல்வேன்.

2023 ஆகஸ்டில் சுமார் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதலான திருத்திய திட்டம் இதைச் சரிசெய்யப் பார்க்கிறது. கேபிள் வளையமாக அமைவதால் ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக டேட்டா வரும். பத்தாண்டுப் பராமரிப்பும் ஒன்றரை கோடி வீட்டு இணைப்புகளும் இலக்கில் உண்டு.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: நம் ஊர்ப் பெட்டி இன்று வேலை செய்கிறதா? அதிலிருந்து எத்தனை வீடுகளுக்கு லைன் போயிருக்கிறது? பதிலைத் தீர்மானத்தில் பதியச் சொல்லுங்கள்.